நீல நாடா கட்டிய நான்கு வரிசைகள்

செப்டம்பரில் ஒருநாள் தூறியது,
தார்ச்சாலையில் புள்ளி வைத்ததோடு சரி.
அதற்குப்பின் உம்சிண்டோவின் வானம்
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.

சரிவில் என் பீன்ஸ் வயல்.
மண்ணோ, சட்டையில் பட்டால்
எந்தச் சோப்புக்கும் அசையாத சிவப்பு.
அத்தனையும் இரும்பு என்றது ஆய்வகத்துத் தாள்.
இலையில் இரும்பு இல்லை என்றது
அதே தாளின் அடுத்த பத்தி.

சிரித்துவிட்டேன்.
வங்கி நிறையப் பணம்,
பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை.
போன வருஷம் மலிவாய்க் கிடைத்ததென்று
சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியவள் நான்தான்.
அது பூட்டுப் போட்டது.
வறட்சி சாவியைத் தூக்கிக்கொண்டு போனது.

இளந்தளிர்தான் முதலில் வெளுத்தது.
நரம்பு மட்டும் பச்சை,
இடையெல்லாம் மஞ்சள்,
எக்ஸ்ரேயில் தெரியும் விரல்கள் மாதிரி.

அந்த வாரமே கிளினிக்கில்
என் கீழிமையை இழுத்துப் பார்த்த நர்ஸ்
இரும்பு மாத்திரை எழுதினாள்.
டீயோடு போடாதே, உடம்பில் சேராது என்றாள்.
உரக்கடைப் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள்,
மண்ணில் போடாதே, சேராது;
இலையில் தெளி.

பையைப் பிரித்தால் இளம்பச்சைப் படிகம்.
வெளியே ஆங்கிலத்தில் ஒரு பெயர்,
ஆஃப்ரிக்கான்ஸில் ஒரு பெயர்.
தமிழில் அன்னபேதி.
வாய்விட்டுச் சொன்னேன்:
ஆணியைச் சப்பிய ருசி.

இருபது லிட்டருக்கு நூறு கிராம்.
கொஞ்சம் எலுமிச்சை உப்பு,
இல்லாவிட்டால் வாளியிலேயே துருவாகிவிடும்.
இருபது லிட்டர்!
லாரிக்குக் காத்துநின்று பிடித்த தண்ணீர்.
இரண்டு பேர் குளிக்கலாம் என்றார் பரந்தாமன்,
நான்கு நாள் அழுக்கோடு.
வேலிக்கு அப்பால் கரும்புக்காரர் ரெங்கசாமி கேட்டார்,
"இரும்புக்கும் ஈரத்துக்கும் என்ன உறவு?
துருதானே?"

நியாயமான கேள்வி.
இரும்பு மழையைக் கூட்டி வராது.
தாகத்தில் இலைக்குள்ளே
வெயில் மூட்டும் சின்னச் சின்னத் தீயை
அணைக்க ஓடுகிறவர்கள் கையில்
ஒரு வாளி கொடுக்கும், அவ்வளவுதான்.
இதைச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

தோபேகாதான் கேட்டாள்,
வேலை செய்கிறதென்று எப்படித் தெரியும்?
அதனால் நான்கு வரிசையை விட்டுவைத்தோம்.
குச்சி நட்டு, நீல நாடா கட்டி,
அவற்றுக்கு மட்டும் எதுவும் தருவதில்லை என்று
எங்களுக்குள் முடிவு.

வெயில் தாழ்ந்ததும் தெளிப்போம்.
நாடா வந்ததும் குழாயை மூடுவோம்,
தாண்டுவோம், மறுபடி திறப்போம்.
ஒன்பதாம் நாள் மற்ற வரிசைகளில்
மஞ்சள் பின்வாங்கியது.
நான்கும் பழுத்த காகிதமாய் நின்றன.
என் விரல் விசையைத் தொட்டது.
இன்னும் இல்லை என்றாள் தோபேகா.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
வரிசையையும் பார்க்கவில்லை.

அறுவடையில்
தெளித்த வரிசைக்கு ஐந்து பெட்டி.
நல்ல வருஷம் என்றால் ஒன்பது.
நாடா கட்டியதற்கு இரண்டு,
அதுவும் வளைந்த காய், விலைபோகாதது.
நோட்டில் எழுதினேன்.
ரெங்கசாமி வேலியோரம் வந்து
வானத்தைப் பார்த்தபடி
பை என்ன விலை என்று கேட்டார்.

மழை டிசம்பரில் வந்தது,
செடி பிடுங்கிய வெற்று வயலுக்கு.

நோட்டின் நடுவில் ஓர் இலை வைத்திருக்கிறேன்,
நாடாவுக்கு உள்ளே, முதல் வரிசையின் ஓரத்தில் பறித்தது.
முழுக்க மஞ்சள்.
அதில் ஏழெட்டுப் பச்சைப் புள்ளிகள்,
கடுகளவு, ஒவ்வொன்றும் சுத்த வட்டம்.
ஏதோ ஒரு மாலை
நான் குழாயை மூடுவதற்குள்
காற்று கொண்டுபோய்க் கொடுத்த துளிகள்.