ஓடும் நிலையில்

கூறைச்சேலையோடு நான் தள்ளிய முதல் கார்
ஒரு மொறிஸ் மைனர்.
கொட்டாஞ்சேனைக் கோவிலில் ஆசீர்வாதம் முடிந்து
ஜம்பட்டா வீதித் திருப்பத்தில் அது நின்றது.
மாப்பிள்ளை இறங்கினார். தோழன் இறங்கினான்.
"நீங்களும் ஒரு கை குடுங்கோ பிள்ளை" என்றார் மாமா,
குசினியில் உப்பை எட்டித் தரச் சொல்பவர் போல.

அந்த வீட்டில் காலத்தை அளப்பது அப்படித்தான்.
பெனடிக்ற் பிறந்தது ஒஸ்ரினுக்குக் கிளச் மாற்றிய கிழமை.
மச்சாள் மெற்றில்டாவின் முதல்நன்மை
காபரேற்றர் கப்பலில் வந்த மாதம்.
எண்பத்து மூன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை.
மொறிஸின் இடப்பக்கக் கதவு வேறொரு காரினது,
பச்சைக்குப் பக்கத்தில் வேறு பச்சை.
நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் பஞ்சிகாவத்தை.
மற்றவர்கள் புடவைக்கடையில் துணி தடவிப் பார்ப்பதுபோல
மாமி யஸிந்தா பேரிங்கை விரலில் சுழற்றிக்
காதோடு வைத்துக் கேட்பா.
"இது அழுகுது. வேறை எடு."
வீட்டுக்கு வந்து திட்டுவதும் அவவேதான்:
"இரும்பைக் கட்டி மேய்க்கிற குடும்பம்."

பிறகு வந்தது பெட்போட் லொறி.
பொலன்னறுவைப் பக்கம் ஏதோ கமத்தில்
நெல்மூட்டை சுமந்தது, ஏலத்தில் எடுத்தது.
இந்தப் பரம்பரையில் மண்வெட்டி பிடித்தவர் இல்லை;
மாமா துறைமுகத்தில் கணக்கெழுதியவர்.
ஞாயிறு காலைகளில் அதை
முகத்துவாரம் வரை வெறுமையாக ஓட்டிப்போய்
வெறுமையாகவே ஓட்டி வருவார்.
ஒருநாள் சோதனைச்சாவடியில் துவக்கோடு ஒரு பொடியன்
என்ன ஏற்றிப் போகிறாய் என்று கேட்டான்.
"லொறியைத்தான்" என்றார்.
மதியம் வரை அங்கேயே இருத்தி வைத்தார்கள்.

நம்பர் தட்டின் ஸ்ரீ எழுத்தில்
எப்போதோ ஒருவன் தார் பூசியிருக்கிறான்,
இன்னொருவன் சுரண்டியிருக்கிறான்.
இருவருக்கும் அவசரம் போல.
பாதி இன்னும் கறுப்பு.
கைபட்ட எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடித்த மாமா
அதை அப்படியே விட்டிருந்தார்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம்
கியூஆர் எடுக்கச் செசி நம்பர் கேட்டார்கள்.
மொறிஸின் இலக்கங்கள் துருவுக்குள் போயிருந்தன.
நான்தான் பொனற்றுக்குள் தலையை விட்டு
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
வெள்ளைத்தாள் ஒற்றிப் பென்சிலால் தேய்த்தேன்.
ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன.
கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று சண்டை.
"ஏழு" என்றார் மாமா
கட்டிலில் கிடந்தபடி, பார்க்காமலே.
இரண்டு இரவு காருக்குள் கிடந்தேன்.
என் முறைக்கு இரண்டு கார் முன்னால்
முடிந்தது என்று கயிறு கட்டினார்கள்.
திரும்பவும் தள்ளினேன்.
இம்முறை சேலை இல்லை,
ஐம்பத்து நாலு வயது இருந்தது.

மாமா போய் ஆறாம் மாதம்
காலி வீதி ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்தான்.
லொறியை வாசலில் நிறுத்திப் பூச்சட்டி அடுக்கலாமாம்.
நல்ல விலை.
வித்துவிடுங்கோ என்றாள் மெற்றில்டா, ரொறொன்ரோவிலிருந்து.
பெனடிக்ற் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
மாமிதான் கேட்டா:
"தம்பி, ஸ்ராட் பண்ணி ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ."
அவனுக்கு டபுள் கிளச் தெரியாது.
கியர்ப்பெட்டி பல்லைக் கடித்த சத்தம்
மூன்றாம் வீட்டு நாயை எழுப்பியது.
"பூச்சட்டி வைக்க நிக்கிற சாமானா எடுங்கோ.
இது ஓடுறது."

அதன் பிறகு இரண்டு மாதம் அது ஓடவில்லை என்பது வேறு கதை.
பற்றரி.

மழை விட்ட ஒரு காலை
பின்தட்டுப் பலகை இடுக்கில் நாலைந்து பச்சை.
இத்தனை வருடம் கிடந்த நெல் முளைக்காது,
புல்லாக இருக்கும் என்றார் பெனடிக்ற்.
நானும் புல் என்றுதான் நினைக்கிறேன்.
மாமி பிடுங்க விடவில்லை.

இந்த ஞாயிறு நான் ஓட்டினேன்.
படலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னா,
முகத்துவார வளைவில் பள்ளம், மெதுவாக விடட்டாம்,
பின்னால் பாரம் இருக்கிறதாம்.