இறக்கும் முன்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம். இரவு ஒன்று பத்து.
வெளியே கெலவரப்பள்ளி நுரையின் வாடை.
உள்ளே பதினெட்டு டிகிரி;
ஸ்வெட்டருக்கு மேல் தொங்குகிறது அடையாள அட்டை.

சென்னையில் இருக்கும் ஒரு வங்கி
வெள்ளம் வந்தால் என்று
தன் ஞாபகத்தின் மறுபிரதியை
இந்த மேட்டில் வைத்திருக்கிறது.
காசோலைப் படம், கையெழுத்து அட்டை, கடன் படிவம்:
மெயின்பிரேம் கையேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பொருள்.
காசும் பொருள்தான் நமக்கு, அர்த்தமும் பொருள்தான்.
இயந்திரத்துக்கு
அதன் நீளம் எத்தனை பைட் என்பது மட்டும் தெரியும்.

திரை கேட்கிறது, நான் நிரப்புகிறேன்.
வட்டில் எத்தனை நாள்?
முப்பது. அப்புறம் நாடாவுக்குப் போகட்டும்.
எவ்வளவு இடம் மிஞ்சும்போது
கேசட் நிரம்பியதாகக் கொள்ளலாம்?
(பாகலூர் டவுன் பஸ் கண்டக்டரைக் கேட்டால்
நிரம்புவது என்று ஒன்று கிடையாது என்பார்.)
ஏற்றச் சொல்லிவிட்டு எத்தனை நிமிடம் பொறுப்பது?
ஐந்து.
எதுவரை வைத்திருப்பது?
தீர்ந்த கடன், பத்து வருடம்.
அடமானப் பத்திரம், எல்லையில்லை.
எல்லையில்லை என்று தட்டிய எனக்கு
மார்ச் முப்பத்தொன்று வரை ஒப்பந்தம்.

அலமாரிக் கதவில் நான் ஒட்டிய தாளில்
ஒரு வரி:
இறக்கும் முன் காத்திருக்கும் நேரம், 120 நொடி.
முனிரத்தினத்துக்கு வீட்டில் தெலுங்கு.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"யாரு மேடம் சாகப்போறது?"
நாடாவைங்க, டிரைவிலிருந்து இறக்குறது, என்றேன்.
வேலை முடிந்த கேசட்டை உடனே கழற்றாமல்
இரண்டு நிமிடம் விட்டுவைப்பது,
அதிலேயே இன்னொன்று யாராவது கேட்டுவிட்டால்?
"பந்தியில எலை எடுக்காம நிக்கிற மாதிரி."
அப்படித்தான்.

சோதனைக்கு ஒரு பொருளைக் கூப்பிட்டேன்.
கேசட் எண் 0472.
எந்திரக் கை வாங்கப் பணம் ஒதுக்கவில்லை;
முனிரத்தினம் ஏணியை நகர்த்தினார்.
0471 இருந்தது. 0473 இருந்தது.
ஒரு நிமிடம்.
இரண்டு.
மூன்றாவதில் தெலுங்கில் திட்ட ஆரம்பித்தார்,
பகல் ஷிப்டில் இருந்த யாரையோ.
நான்காவதில்
அடித்தட்டில், தலைகீழாகச் செருகி இருந்தது.
ஏற்றினார். நாடா சீறிச் சுழன்றது.
நான்கு நிமிடம் ஐம்பத்தொரு நொடி.

வந்தது ஒரு கடன் படிவம். தளி கிளை.
ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட.
திம்மக்கா என்று வேறு யாரோ எழுதியிருக்க
பக்கத்தில் ஒரு பெருவிரல்.
மை அதிகம்; ரேகையில் பாதி சேறு.
சாட்சிக் கையெழுத்து கன்னடத்தில்.
குறுக்கே நீல முத்திரை, கடன் தீர்ந்தது.
தீர்ந்த நாளோடு பத்து வருடம் கூட்டினேன்.
இன்றுதான்.

மூன்று மணிக்குத் துப்புரவு நிரல் ஓடும்.
அது அழிப்பது முகவரியை.
விரல் அங்கேயேதான் இருக்கும்,
எண்ணூறு மீட்டர் நாடாவில் எங்கோ,
கேசட்டை மறுபடி வேறு எதற்காவது எடுக்கும்வரை,
கூப்பிட ஒரு வழியும் இல்லாமல்.

திரையின் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.
தொண்ணூறு. நாற்பது.
முனிரத்தினம் கேசட்டை வாங்கக் கை நீட்டி நின்றார்.
பதினொன்றில்
அதே படிவத்தை மறுபடி கேட்டேன்.
ஏற்ற வேண்டியிருக்கவில்லை. நான்கு நொடியில் வந்துவிட்டது,
அதே சேறு, அதே நீலம்.
முனிரத்தினம் என்னைப் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

வேலைக் குறிப்பில் எழுதியது இவ்வளவு:
சோதனை ஒன்று, வெற்றி. சோதனை இரண்டு, வெற்றி.
ஏற்றக் காத்திருக்கும் நேரம்
ஐந்திலிருந்து பன்னிரண்டாக மாற்றப்பட்டது.
காரணம்: ஏணி.