நடுப்புணிச் சாவடியில் ஞாயிறு

சனி இரவு பதினொன்றிலிருந்து
மேற்கே போகும் லாரிகளில் குதிரை வாசம்.
கால்நடைச் சோதனைக்கு நான், ஒரு தெர்மாமீட்டர்,
முதுகு கிழிந்த ஒரு பேரேடு.
விடிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம்
அறுத்த வயல்களுக்கு நடுவே
தார்ச்சாலையில் வண்டிப் பந்தயம்.

இருட்டோடு வந்துவிட்டான் டீக்கடை சசீந்திரன்.
"சேச்சி, இன்னைக்கு எது?"
ஆடை கட்டாத டீ ஒன்று. என் கட்டணம் அவ்வளவுதான்.

எழுதிக்கோ.
பெரிய குதிரையில் ஆறு வண்டி.
கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் கப்பல்மேல் கட்டுவார்கள்.
வரிசையாக மூன்று கோப்பை, சரிதான்,
மூன்றும் எட்டு மைல். இன்றைக்கு ஐந்து.
கப்பலுக்குச் சூடேறவே மூன்று மைல் வேண்டும்.
இறக்கி நடத்தும்போது பார்த்தேன்,
வலது பின்காலைப் பலகையில் வைக்குமுன்
ஒரு கணம் யோசித்தது.
யோசிக்கிற காலில் பணம் போடாதே.

வேலாயுதசாமியின் சிமெண்ட்டைப் பார்.
சாம்பல் நிறம், அழகில்லாத தலை.
இரண்டு, நான்கு, இரண்டு, இரண்டு.
ஜெயித்ததே கிடையாது.
ஆனால் தோற்றுத் திரும்பும்போதும்
கொள்ளை மிச்சம் வைக்காத ஒரே குதிரை.
சாரதியும் மாறியிருக்கிறான்:
பழையவனுக்குச் சாட்டைதான் பேச்சு,
அன்வர் கடிவாளத்தைத் தளர்த்திப் பிடிப்பவன்.
பத்து மணிக்குள் கொடி அசைந்தால் சிமெண்ட்.
வெயில் ஏறிவிட்டால் என்னைக் கேட்காதே.

நடுக்குதிரையில் கையே வைக்காதே.
அந்தச் சாரதிகள் நாலு பேரும்
ஒரே வண்டியில் வந்து இறங்கி
ஒரே பீடியில் பற்றவைத்துக்கொண்டார்கள்.

கரிச்சானில் இடியாப்பம்,
முதலிடத்துக்கு வேண்டாம், மூன்றுக்குள் வரும்.

"புதுக்குதிரை?"
பேனாவைத் தூக்கியபடி நிற்கிறான்.
அதில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

தெரியும்.
இரண்டரை மணிக்கு வந்த லாரி.
முதல் பூட்டு, வயது மூன்று, பெயர் சினிமா,
தாளில் அப்படித்தான் இருந்தது.
நெற்றி வெள்ளையை மறைத்த சாயம் காயவில்லை,
என் விரலில் ஒட்டியது.
பிடரி முடிகிற இடத்தில்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரட்டைச் சுழி.
சுழி பார்த்து ராசி சொல்கிறவர்கள் உண்டு.
எனக்கு ராசி தெரியாது, சுழி பார்த்தால் ஆள் தெரியும்.
ஐப்பசியில் இதே சுழி
டீச்சர் என்ற பெயரில் போய்
நடுக்குதிரையில் இரண்டாவதாக வந்தது.
உடல்சூடு நூறு புள்ளி நாலு. மூக்கில் சளியில்லை.
பல்லைப் பிடித்து வயசு பார்க்க
பேரேட்டில் பத்தி இல்லை.
முத்திரை குத்தினேன்.

நாலரைக்குத் திரும்ப ஆரம்பித்தன.
கப்பல் ஜெயித்தது, அதே யோசித்த காலோடு.
பத்தேமுக்காலுக்குத்தான் கொடி அசைத்தார்களாம்,
சிமெண்ட் மறுபடி இரண்டாவது.
இடியாப்பம் எவளோ காயப்போட்ட சேலைக்கு மிரண்டு
வண்டியோடு வாய்க்காலுக்குள்.
சசீந்திரனுக்கு எண்ணூறு போயிற்று.
வைத்த டீயில் ஆடை கட்டியிருந்தது.
"மூணு கம்பம் முன்னாலேயே வந்துட்டுது சேச்சி,
அந்த சினிமா.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."
நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்,
புரட்ட ஒன்றும் இல்லாதபோதும்.

கடைசியாக அந்த லாரி.
தாளுக்குள் இருநூறை மடித்து நீட்டினான் டிரைவர்.
வியர்வையில் சாயம் கரைந்து
மூக்குவரை கருப்பாய் வழிந்திருந்தது.
பெயர் என்ன என்றேன்.
"ராசாத்தி" என்றான்,
தாளைப் பார்த்துவிட்டு "சினிமா" என்றான்.
குதிரை ஏதோ பொள்ளாச்சிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.
டீச்சர், என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ம்ஹூம்.
கொள்ளு டப்பாவைக் குலுக்கியதும்
இரண்டு காதும் திரும்பின.

பெயர்ப் பத்தியில்
ஒரு சுழி வரைந்தேன், அதன்மேல் இன்னொன்று.
இருநூறு எங்கே போனது என்று எழுத
அதற்கும் பத்தி இல்லை.