இரண்டு புள்ளி ஆறு ஆறு

மடிக்கணினி என்று பெயர்.
மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும்.
எமரால்டு பஜாரில், ஆல்துரை ஸ்டுடியோ மாடியில்
அந்த சீசனின் மூன்று கல்யாணங்களைத் தின்று
நான்காவதில் படுத்துக்கொண்டது.

புதுசு எழுபதாயிரம்.
லென்ஸைத் துடைத்தபடியே ஆல்துரை
"சீசன் முடியட்டும் ஜெசிந்தா" என்றார்.
எந்த சீசன் என்று நான் கேட்கவில்லை.

காந்திபுரத்தில் நூர்தீன்
தீப்பெட்டியில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்துத் தந்தார்:
வேறொரு கணினியின் மூளை,
நானூற்று எழுபத்தெட்டு ஊசிக் கால்கள்.
"ஒண்ணு வளைஞ்சாலும் நான் பொறுப்பில்ல."
அறுநூறு ரூபாய்.

கல்லாறு தாண்டி
முதல் கொண்டை ஊசியில் பஸ் சாய,
தீப்பெட்டியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.
பதினான்கு வளைவுகள்.
ஒரு ஊசியும் வளையவில்லை.

பதினேழு திருகாணி, அதில் ஒன்று மொட்டை.
விசிறிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை,
யார் கல்யாணத்திலிருந்தோ ஓர் இழை சரிகை.
காய்ந்த பசையைப் பழைய பஸ் பாஸால் சுரண்டி
பழையதை எடுத்து, புதியதை இறக்கி,
பூட்டை அரைச்சுற்று திருகி,
அரிசியளவு பசை வைத்து மூடினேன்.
எழுந்துகொண்டது. இரண்டு கிகாஹெர்ட்ஸ்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

கெட்டுப்போன இயர்போனை உரித்தேன்.
தலைமுடியைவிட மெல்லிய செம்பிழை ஒன்றை
ட்வீசரால், மூச்சை நிறுத்தி,
இரண்டு துளைகளுக்கு நடுவே பாலமாகப் போட்டேன்.
விஷயம் இவ்வளவுதான்:
இருநூறு என்று துடிக்கிற பலகையிடம்
உன் துடிப்பு இருநூற்று அறுபத்தாறு என்று
பொய் சொல்ல வேண்டும்.
அது நம்பியது.
நம்பி, ஆறு நிமிடம் ஓடி,
தொண்ணூற்றெட்டு டிகிரியில் செத்தது.
மறுபடி. மறுபடி.
வியாழன் காலை மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும்.
இன்று புதன், இரவு பதினொன்று.

ஜன்னலைத் திறந்தேன்.
ஜனவரி. புல் முழுக்க உப்பு.
குழாயில் தண்ணீர் வரவில்லை, உறைந்திருந்தது.
இவ்வளவு குளிரையும் சும்மா வெளியே விட்டு வைத்திருக்கிறோமே
என்று தோன்றியது.

துவைகல் மேல் கணினி.
பனி விழாமல் மேலே சாய்த்த நீலத் தொட்டி.
சமையலறை வழியாக ஒயர்.
எழுபத்தொன்று டிகிரி. அதற்கு மேல் ஏறவில்லை.
திரையில் வெள்ளைப் போர்வைகள் வட்டமாகச் சுற்றி ஆட,
சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியது.

மூன்று பத்துக்குக்
கேரட் தழைக்கு வந்தது காட்டுமாடு.
தழையை விட்டுவிட்டுத்
துவைகல் பக்கம் திரும்பியது.

கதவைத் திறக்க எனக்கென்ன பைத்தியமா?
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மூக்கால் தொட்டியைத் தட்டியது. உருண்டது.
விசிறி ஊதிய வெப்பத்தில் முகத்தை வைத்து
அப்படியே நின்றுவிட்டது.
அதன் மூச்சும் கணினியின் மூச்சும்
ஒரே புகையாக மேலே போயின.
வெள்ளைக் காலுறை போட்ட அந்தக் கால்களில்
கல்யாண ஆட்டம் அசைந்துகொண்டிருந்தது.
எண்பத்து நான்கு.
தொண்ணூற்றொன்று.
கொஞ்சம் உமிழ்நீர், விசைப்பலகை மேல்.
பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல்
வேலியை மிதித்துக்கொண்டு போனது.

நான்கு ஐம்பதுக்கு முடிந்தது.
இரண்டாம் மணி நேரத்தில் ஒரு நொடி
மணப்பெண்ணின் சிரிப்பு பச்சைக் கட்டங்களாக உடைகிறது.
விட்டுவிட்டேன். அவர்களும் கேட்கவில்லை.

வெப்பப் பதிவை அப்புறம் திறந்து பார்த்தேன்.
நேர்க்கோடு. நடுவில் மட்டும்,
மூன்று பன்னிரண்டு முதல் மூன்று நாற்பது வரை,
ஐந்து டிகிரி மேடு.

அடுத்தது மே மாதம், இரண்டு முகூர்த்தம் என்கிறார் ஆல்துரை.
மேயில் பனி ஏது.
'எம்' எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டுதான் எழுகிறது.
ட்வீசரை எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.