நாலாவது ஆள்

"நாலு பேர் என்ன சொல்லுவினம்?" என்று
காது குத்தினதுக்கும் கிழிந்த காற்சட்டைக்கும்
கணக்கில் வாங்கிய ஐம்பத்தெட்டுக்கும்
அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா.
யார் அந்த நாலு பேர்?
பெண்டில் ஹில் மளிகைக்கடை வரிசையில் நின்று
தேடியிருக்கிறேன்.
சுகுணா அன்ரி ஒன்று. மற்ற மூவரை
என்னால் பிடிக்கவே முடியவில்லை.

மூன்றேகால் ரயில். மேல்தட்டு.
சிட்னி ரயிலில் இருக்கையின் முதுகைத் தள்ளினால்
மறுபக்கம் திரும்பும்.
லாக்லன் தள்ளினான். டக்.
இப்போது நாங்கள் முகம் பார்த்து நாலு பேர்:
லாக்லன், தெவீட்டா, ஸெய்த், நான்.
முழங்காலோடு முழங்கால் இடிக்க
மாம்பழ வாசனைப் புகை
ஒரு சட்டைக்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போனது.
என் முறை வந்தது. இழுத்தேன்.
மாம்பழம் இப்படி மணக்காது என்று தெரிந்தவன்
அந்த நால்வரில் நான் ஒருவன்தான்.
சொல்லவில்லை.

அடுத்த வரிசையில் தர்சிகன்.
வந்து ஒன்பது நாள்.
புதுச் சட்டையின் மடிப்புக்கோடு இன்னும் போகவில்லை.
காலையில் வகுப்பில் எழுந்து
புதன்கிழமையை ஆங்கிலத்தில் வாசித்தான்,
எழுத்துக்கு எழுத்து, ஒன்றையும் வீணாக்காமல்:
வெட்-நெஸ்-டே.
என் அப்பா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

"வெட்-நெஸ்-டே" என்றான் லாக்லன், பெட்டிக்கே கேட்க.
சிரித்தான்.
தெவீட்டா சிரித்தான்.
ஸெய்த் சிரித்தான்.
பிறகு ஒரு சின்ன இடைவெளி,
தண்டவாளத்தின் ஒரு பொருத்தைச் சக்கரம் தாண்டும் நேரம்.
மூன்று சிரிப்பும் என் முகத்தருகே வந்து
கடன்காரர் வாசலில் நிற்பதுபோல் நின்றன.
எவரும் சொல்லவில்லை, சிரி என்று.
எவரும் கையை முறுக்கவில்லை.
சிரித்தேன்.
நாலிலும் பலமானது என்னுடையதுதான்.
பிந்திக் கட்டுகிறவன்
வட்டியும் சேர்த்துக் கட்டவேண்டுமே.

ரயில் வெஸ்ட்மீட்டில் நின்றது.
அவன் எழுந்து வந்தான். கோபம் இல்லை.
கம்பியைப் பிடித்தபடி
என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி:
"இது பெண்டில் ஹில்லிலை நிக்குமோ?"

நிற்காது.
எனக்குத் தெரியும், அது என் ஸ்டேஷனும்தான்.
இதைவிட்டால் இனி பிளாக்டவுன்.
கீழே கதவு திறந்துதான் இருந்தது.
நிக்காது, இறங்கு.
இரண்டே சொல்.
பல் முளைக்குமுன்பே வாய்க்குள் வந்துவிட்ட சொற்கள்.

ஆறு கண்கள் என் வாயைப் பார்த்தன.
"சாரி மேட்" என்றேன்.
உன் மொழி எனக்குத் தெரியாது என்பதை
ஆங்கிலத்தில், லாக்லனின் மூக்கால் சொன்னேன்.

கதவு மூடியது.
வகுப்பில் எல்லோருக்கும் நான் வாக்ஸ்.
மடியில் கிடந்த பையில்
அம்மா கறுப்பு மையால் எழுதிவிட்ட பெயரை
அவன் வாசித்தான்,
எழுத்துக்கு எழுத்து, ஒன்றையும் வீணாக்காமல்:
வா-கீ-சன்.
பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

பெண்டில் ஹில் ஜன்னலில் ஓடியது.
தோசைக்கடைப் பலகை, மரக்கறிப் பெட்டிகள்,
யாரையோ ஏற்ற வந்த ஒரு வெள்ளைக் கார்.
அவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான்.
அவ்வளவுதான்.

பிளாக்டவுனில்
ரயில்வே சட்டைக்காரர் ஒருவரிடம்
அவன் கையால் திசை கேட்டுக்கொண்டு நிற்க,
நாங்கள் சிப்ஸ் வாங்கப் போனோம்.
லாக்லன் என் தோளில் தட்டினான்.
அந்தத் தட்டு இதமாக இருந்தது.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

வரிசையில் நிற்கையில் அவன் இன்னொரு பகிடி விட்டான்.
விட்டுவிட்டு, தான் சிரிக்குமுன்,
எங்கள் மூன்று முகத்தையும்
கண்ணால் ஒருமுறை தொட்டு எண்ணினான்.
கெதியில், பயந்து,
காசு காணாதவன் சில்லறை எண்ணுவதுபோல.
ஓ, இவனுக்குமா?

வீட்டில் அம்மா
சட்டையை மூக்கருகே கொண்டுபோனா.
"என்ன மணம் இது?
ஏன் மேனே முகம் இப்பிடிக் கிடக்கு,
ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.