கையிருப்பு

படைப்பிரிவைக் கலைக்கும் உத்தரவு
செவ்வாய்க்கிழமை வந்தது, ஒன்றரைப் பக்கம்.
எதிரி எங்களைத் தோற்கடிக்கவில்லை.
குண்டு ஒன்றும் விழவில்லை.
இருபது வருடத்துக்கு முன்
சியோலில், தேகுவில், குன்சானில்
யாரோ இரண்டு பேர்
வாடகை, கடன், டியூஷன் என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்து
விளக்கணைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.
நடந்த போர் அவ்வளவுதான்.

நான் ஓக் கியோங்-ரான்,
பண்டகசாலை சார்ஜென்ட்.
என் வேலை எண்ணுவது.
போர்வை ஆயிரத்து நூறு.
தோள்பை எண்ணூற்று நாற்பது.
பூட்ஸ், இருநூற்று எழுபது அளவு,
பிரிக்காத பெட்டிகளில் அறுநூறு ஜோடி.
கால்கள்தான் வந்து சேரவில்லை.

நாற்பது கட்டில் அறையில்
பதினொரு பையன்கள் தூங்குகிறார்கள்,
ஹீட்டர் பக்கமாக ஒண்டிக்கொண்டு.
மிச்சக் கட்டில்களையும்
சுருக்கம் இல்லாமல் விரித்து வைக்கச் சொல்கிறார் மேஜர்.
ஆய்வுக்கு வரும் ஜெனரல்
மடிப்பைத்தான் பார்ப்பாராம்.

பள்ளிக்கூடத்தில் படித்தது:
அரசர் காலத்துப் படைவரி,
ஆணுக்கு இவ்வளவு துணி என்று.
ஊரில் ஆள் குறைந்தாலும்
ஏட்டில் குறையக்கூடாதென்று
புதைத்தவன் பெயரிலும் துணி கேட்டார்களாம்,
தொப்புள்கொடி காயாததன் பெயரிலும்.
எலும்பும் பச்சைக்குழந்தையும்
தோளோடு தோள் நின்ற காகிதச் சேனை.
அந்த ராஜாங்கம் என்ன ஆனது?
பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.
எனக்கு அந்த வசதியும் இல்லை.
எலும்பு வேண்டிய மட்டும் கிடைக்கும்,
பொய்க்கணக்கில் சேர்க்கக்கூடப்
பிள்ளை கிடைக்காது.

என்னையும் கேட்டார்கள்.
பிரிவு உபசார விருந்தில் ஒரு கர்னல்,
மூன்றாவது கோப்பைக்குப் பிறகு:
"நாட்டுக்காக ஒன்று பெற்றிருக்கலாமே, சார்ஜென்ட்?"
ராத்திரி இரண்டு மணிக்கு
நாடு எழுந்து பால் கலக்குமா, சார், என்றேன்.
மேசை அடங்கிப்போனது.
யாரோ இறைச்சித் துண்டைத் திருப்பிப் போட்டார்கள்,
அது ஏற்கெனவே கருகியிருந்தது.

மலைமுகட்டுக்கு அப்பால், வடக்கே,
என்னைப் போல் ஒருத்தி
அவர்கள் பூட்ஸை எண்ணிக்கொண்டிருப்பாள்.
அங்கேயும் தொட்டில் காலி என்கிறார்கள்.
இரண்டு பக்கமும் ஆள் தீர்ந்து
முள்வேலி மட்டும்
தனியாகக் காவல் நிற்குமோ என்னவோ.

வியாழக்கிழமை ஒரு பையன் வந்து நின்றான்.
கலைந்த பிரிவுக்குப் புது ஆள்;
கம்ப்யூட்டர் தவறு.
பியோ ஹான்-கியோல்.
அம்மா மெக்கோங் கரையிலிருந்து வாழ வந்தவள்,
அப்பா கணவாய் மீன் பிடிப்பவர்.
சிறு வயதில் பையன்கள்
உன் நாட்டுக்குப் போடா என்பார்களாம்.
"இதுதான் என்று
அழைப்பாணை வந்தபோதுதான்
எழுத்தில் பார்த்தேன்," என்று சிரித்தான்.

உட்காரச் சொல்லிக் காலை அளந்தேன்.
இருநூற்றுத் தொண்ணூறு.
அறுநூறு ஜோடியில் ஒன்றும் சேரவில்லை.

படிவம் எடுத்தேன்.
படைப்பிரிவு: கோடு போட்டேன்.
தேவை: ஒரு ஜோடி. அவசரம்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
ஆள் வந்திருக்கிறான்
என்று எழுதினேன்.