வெறும் போத்தல்

கிளினிக் கொப்பியில் என் பெயருக்குக் கீழே
ஐம்பத்தொன்று, அறுபத்துமூன்று, எழுபத்தெட்டு.
மிசி தராசைத் தட்டிப் பார்த்தா.
பிழை தராசில்தான் என்று
நானும் கொஞ்சநேரம் நம்பினேன்.

ஒட்டுசுட்டான் சந்தையில் எல்லாருக்கும் சந்தோசம்:
"இப்பதான் பிள்ளை மனுசரைப் போல இருக்கிறாய்."
முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் கண்ட என் எலும்பை
அவர்கள் இன்னும் மறக்கவில்லை.
இங்கே கொழுப்பு என்றால் குணம்.

அவர்களுக்குத் தெரியாதது
இரவு இரண்டு மணிப் பசி.
குளிசை இறங்கின கையோடு
வயிறு எழும்பி உட்காரும்.
பழஞ்சோறு, பாணின் அடித்துண்டு,
அக்காவின் பிள்ளைக்கு ஒளித்துவைத்த அரியதரம்,
எல்லாம் இருட்டில், நின்றபடியே.
விடிய அக்கா பானையைத் திறந்து பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் மூடுவாள்.
அந்த மூடுகிற சத்தம்.

மாசியில் குளிசையைப் பாதியாய் உடைத்தேன்.
சட்டை கொஞ்சம் இளகியது.
பன்னிரண்டாம் நாள் கிணற்றடியில்
பழைய ஆள் வந்து என் முழுப்பெயரைச் சொன்னான்,
சோற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதையும்.
பிறகு நான் உடைக்கவில்லை.

"நடவுங்கோ தவரூபி, ஒவ்வொருநாளும் அரை மணித்தியாலம்."
நடப்பதா டொக்டர்?
நடந்து நடந்துதானே
உங்களிடம் கொண்டுவரப்பட்டேன்.
நெடுங்கேணி வீதியில் வெறுங்காலோடு மூன்று நாள்.
ஊருக்கு அது நல்ல ஞாபகம்.

முதல் நாள் குளக்கட்டில் ஏறியதும்
மாடு சாய்த்துக்கொண்டு போன பெடியன்
வீட்டுக்கு ஓடிச் சொல்லிவிட்டான்:
"அன்ரி திரும்ப வெளிக்கிட்டிட்டா."
அக்கா இரைக்க இரைக்க வந்தாள்.
என் காலில் செருப்பைக் கண்டபிறகுதான்
அவளுக்கு மூச்சு வந்தது.

அதனால் இப்போது
கையில் ஒரு வெறும் போத்தல்.
தேங்காயெண்ணெய்க்குப் போகிறாள் என்று
பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.
யானை இலத்தி சூடாறாமல் கிடந்தால் திரும்பிவிடுவேன்,
மிச்சத்தை வெயில் ஏறினபிறகு நடப்பேன்.

சில நாட்களில் எதிரே ஒருவர் வருகிறார்.
கிளினிக் வாங்கில் கண்ட முகம்,
என்னைப் போலவே ஊதின கன்னம்,
தோளில் மண்வெட்டி.
அவருக்கு வயல் இல்லை.
மண்வெட்டியில் மண்ணும் இல்லை.
நேற்று என் போத்தலைப் பார்த்துக் கேட்டார்:
"கடையில எண்ணெய் இருக்குமோ?"
"இருக்கும். தண்ணி கட்டியாச்சோ?"
"ஓம், கட்டியாச்சு."

இந்த மாதம் எழுபத்தேழரை.
மிசி தராசைத் தட்டவில்லை.